நங்கூரனா, மறதி மேடமா?

சுங்கை பினாங்,
12 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி நட்டாலிக்கு,

அண்ணன் வில்லியம் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டி மட்டும் மக்கர் பண்ணுகிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. மலைக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? உன் கன்னியர் மடத்தில் போன் கூடாது என்பதால், இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டுகிற ஒரே ஆள் இந்த ப்ளாட்டிலேயே நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் கண்காட்சியில் நம் 'துறைமுகக் கேடிகள்' காமிக்ஸ் ஐந்து இதழும் தீர்ந்துவிட்டன. வாங்கிய அத்தனை பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "நங்கூரனும் மறதி மேடமும் மோதினா யாருங்க ஜெயிப்பா?" இதில் கேட்க என்ன இருக்கிறது? என் நங்கூரனுக்கு வலது கைக்குப் பதில் இரண்டு டன் நங்கூரம். கப்பலைத் தூக்கிக் கொம்தார் கோபுர உச்சியில் மாட்டுகிறவன். உன் மேடத்திடம் இருப்பது ஒரு கைக்குட்டை. அதை உதறினால் எதிரில் நிற்பவன் தான் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிடுவான், அவ்வளவுதானே?

ஆறாவது இதழில் இருவரும் மோதட்டும். ஆகஸ்ட் கண்காட்சிக்கு வேண்டும். கதை நீ எழுது, படம் நான் போடுகிறேன். சின்ன வயதிலிருந்து நமக்குள் இருக்கும் விதிதான்: எதிராளி தன் வாயால் 'சரி' என்றால்தான் ஜெயிப்பு.

பந்தயமும் வைக்கிறேன். செப்டம்பர் எட்டாம் தேதி உன் முதல் துறவற வார்த்தைப்பாடு என்கிறாய். அதற்குள் நங்கூரன் ஜெயித்தால், நீ வெள்ளை உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். மேடம் ஜெயித்தால், நான் இனி வாயைத் திறக்க மாட்டேன். நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வெற்றி உறுதியான அண்ணன்,
வில்லியம்

*

கேமரன் மலை,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணே,

சேசுவுக்கே புகழ். நான் சுகம். குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொள்கிறேன். அம்மாவை முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல், உன்னிடம் கத்திக்கொண்டே தேய்த்தாலும் பரவாயில்லை.

வருகிற கடிதங்களை எங்கள் மதர் நவமணி படித்துவிட்டுத்தான் கொடுப்பார், மறந்துவிட்டாயா? உன் கடிதத்தை நீட்டி, "யாரும்மா இந்த நங்கூரன்? போலீஸ்ல சொல்லணுமா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து, ஐந்து இதழின் கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இப்போது சண்டைக்கு வா. நங்கூரன் ஃபெரித்துறையில் கரையேறுகிறான். மேடம் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்கிறாள். எழுந்திருக்கக்கூட இல்லை. ஒரு உதறு. உன் ஆள் அப்படியே நிற்பான், அம்மா அடுப்படிக்குப் போய் "என்னத்த எடுக்க வந்தேன்?" என்று நிற்பாரே, அதே மாதிரி. இரண்டு டன் இரும்பைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் யோசிப்பான்? தோள் விட்டுப்போகும். சண்டை முடிந்தது.

பந்தயத்துக்கு நான் தயார். தோற்றால் அழக்கூடாது.

உன் தங்கை,
நட்டாலி

*

சுங்கை பினாங்,
20 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். தைலம் தேய்த்தாயிற்று. நீ சொன்னபடியே கத்திக்கொண்டுதான். மதருக்கு என் வணக்கம், இதையும் அவர்தானே முதலில் படிப்பார்! மதர், நங்கூரன் நல்லவன் இல்லைதான், ஆனால் பொய் சொல்ல மாட்டான்.

உன் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது நட்டாலி. காரணம் வைத்துக்கொண்டு அடிப்பவன்தானே காரணத்தை மறப்பான்? நங்கூரன் எந்தக் காலத்தில் காரணத்தோடு அடித்தான்? முதல் இதழில் கப்பலை உடைத்தானே, எதற்கு? எனக்கே தெரியாது, வரைந்தவன் நான். மேடம் உதறட்டும், பத்துத் தடவை உதறட்டும். "எதற்கு வந்தோம்" என்று அவன் யோசிப்பதற்குள் பெஞ்சு, வடை, மேடம் எல்லாம் தரைமட்டம்.

மாக் மண்டினில் இருக்கும் எங்கள் பட்டறைக் கமாலுதீன் அண்ணனிடம் தேநீர் நேரத்தில் இதைச் சொன்னேன். அவர் இன்னொரு குண்டு போட்டார்: "அவன் கடல்லேருந்து தானே வர்றான்? மேல தண்ணி ஊத்திக்கிட்டே வருவான் லா. கைக்குட்டை நனைஞ்சிட்டா என்னத்த உதறுவா உங்க மேடம்?" பட்டறையே கைதட்டியது. தகடு அழுத்தும் இயந்திரத்தைக்கூட நிறுத்திவிட்டுத் தட்டினார்கள்.

உன் அறையில் பழைய போர்வையே கிடக்கிறது. வரும்போது துவைத்து வைக்கச் சொல்கிறேன்.

ஜெயித்துக்கொண்டிருக்கும்,
வில்லியம்

*

கேமரன் மலை,
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணே,

நலம், நலமறிய ஆவல். போர்வையை இப்போதே துவைக்க வேண்டாம், பூச்சி பிடிக்கும்.

நனைந்த கைக்குட்டையா? பட்டறையில் இருக்கும் ஆண்களில் ஒருவராவது வாழ்நாளில் துணி துவைத்திருக்கிறீர்களா? எனக்கு இங்கே இரண்டு வருடமாகத் துணி துவைக்கும் வேலைதான். காய்ந்த துணியை உதறினால் எதிரில் நிற்பவனுக்குத்தான் காற்று. ஈரத் துணியை உதறிப் பார், பத்தடி தள்ளி நிற்பவர் மூக்குக்கண்ணாடியில் தெறிக்கும். போன வாரம் மதர் மேலேயே தெறித்தது. நங்கூரன் நனைந்து வந்தால் மேடத்துக்கு வசதி. கமாலுதீன் அண்ணனிடம் என் நன்றியைச் சொல்.

காரணமில்லாமல் அடிக்கிறான் என்கிறாய். சரி, ஆனால் கோபத்தோடுதானே அடிக்கிறான்? முதல் உதறலில் வந்த வேலை மறக்கும். இரண்டாவது உதறலில் கோபம் மறக்கும். எதற்குக் கோபம் என்று தெரியாதவன் எவ்வளவு நேரம் கோபமாக இருப்பான்? நீயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டாய், அதற்குள் "சோறு இருக்கா?" என்று வந்துவிடுவாய்.

ஒன்று சொல்ல வேண்டும். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. எங்கள் மடத்து வழக்கப்படி ஈஸ்டர் வரை கடிதம் எழுதவும் மாட்டோம், வருவதை வாங்கவும் மாட்டோம். வந்ததை மதர் அலமாரியில் பூட்டி வைத்து ஈஸ்டர் அன்றுதான் தருவார். ஏழு வாரம் இருக்கிறது. நன்றாக யோசித்து ஒரு பதிலைத் தயார் பண்ணு, முடிந்தால்.

நட்டாலி

*

சுங்கை பினாங்,
11 மே 2025

அன்புத் தங்கை நட்டாலிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஈஸ்டருக்கு நீ அனுப்பிய கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். பட்டறையில் வேலை அதிகம். கம்ப்யூட்டரில் தட்டி அச்செடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் புரிவதில்லை என்று எப்போதும் சொல்வாயே.

சண்டையைப் பற்றி நன்றாக யோசித்துப் பார்த்தேன். நீ சொல்வதுதான் சரி. மேடம்தான் ஜெயிப்பாள். பந்தயப்படி நான் இனி எதுவும் பேச மாட்டேன். நீ அங்கேயே இரு. செப்டம்பரில் நல்லபடியாக வார்த்தைப்பாடு கொடு.

ஆறாவது இதழ் இந்த ஆண்டு வேண்டாம் என்று நினைக்கிறேன். நேரமில்லை.

அன்புடன்,
வில்லியம்

*

கேமரன் மலை,
25 மே 2025

அண்ணே,

நான் சுகம். நீ சுகமா என்பதுதான் தெரியவில்லை.

யார் எழுதியது அந்தக் கடிதம்? உண்மையைச் சொல். 'சரி' என்று நீ சொல்லி நான் கேட்டதே கிடையாது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு, "மத்தவனுங்க சீக்கிரம் ஓடிட்டானுங்க" என்று சொன்னவன் நீ. கேரம் பலகையில் எட்டுக் காய் பின்தங்கியிருந்தாலும் "இப்ப பாரு" என்பாய். அப்படிப்பட்டவன், நங்கூரனை நாலு வரியில் சரணடைய வைக்கிறாயா? எதிர்வாதம் ஒன்றுகூட இல்லை. வெற்றி எனக்குக் கசக்கிறது.

கடிதத்தை மதரிடம் காட்டினேன். அவர் ஏற்கெனவே படித்தவர்தானே. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கண்ணன் இவ்ளோ மரியாதையா எழுதுவாராம்மா?" என்றார். அவருக்கே தெரிந்துவிட்டது.

என்ன நடந்தது? நீ சொல்ல மாட்டாய். இதே தபாலில் அம்மாவுக்கும் எழுதுகிறேன். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

நட்டாலி

*

சுங்கை பினாங்,
15 ஜூன் 2025

அன்பு மக நட்டாலிக்கு, அம்மா அக்னஸ் எழுதிக்கிறது. ஆண்டவர் புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன். முட்டி பரவால்ல. நீ வேளாவேளைக்குச் சாப்புடு.

உங்கண்ணன் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். அதான் ரெண்டு வாரமா இந்தக் காகிதத்த எடுக்குறதும் வைக்கிறதுமா இருந்தேன். நீ நேரா கேட்டுட்ட, நான் என்ன பண்ணுவேன்? மார்ச்சு இருபத்தஞ்சாம் தேதி பட்டறையில தகடு அழுத்துற மிஷின்ல அவன் கை மாட்டிக்கிச்சு. வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல போயிடுச்சு. கமாலுதீன்தான் தன்னோட கெரேத்தால ஏத்தி, அவரே ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. தப்பு என்னுதுதான், அவசரத்துல கைய விட்டுட்டேன்னு அவனே சொல்றான்.

புண்ணு ஆறிடுச்சு. பட்டறையில இப்ப ஸ்டோர்ல போட்டிருக்காங்க, வேலைக்குப் போறான், வர்றான். ஆனா பென்சில எல்லாம் பிஸ்கட் டின்ல போட்டு அலமாரி மேல வெச்சிட்டான். ஒரு நாளு எடுத்துப் பிடிச்சுப் பாத்தான், நழுவி விழுந்துச்சு. அப்புறம் எடுக்கவே இல்ல.

நீ தவக்காலத்துல இருக்க, கடிதாசி கொடுக்க மாட்டாங்க, அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தோம். அப்புறம் அவன், "இது தெரிஞ்சா அவ ஓடி வந்துடுவாம்மா, வேணாம்"னான். தங்கச்சி வரணும், வரணும்னு குதிச்சவன்தானே! எனக்கு ஒண்ணும் புரியல. அழுகையா வருது.

உன் அம்மா

*

கேமரன் மலை,
22 ஜூன் 2025

அண்ணே,

சுகமா என்று கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. அம்மாவைத் திட்டாதே.

படித்துவிட்டுத் துணி துவைக்கும் அறைக்குப் போய் அழுதேன். பிறகு கோபம் வந்தது. மூன்று மாதம்! உன் கையில் கட்டு இருந்தபோது, நான் ஈஸ்டர் கடிதத்திலும் ஈரத் துணி பத்தடி தெறிக்கும் என்று பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் 'சரி' செல்லாது. பொய்யாகச் சொன்னது. சண்டை மறுபடி தொடங்குகிறது, இந்த முறை நங்கூரனுக்காக நான் வாதாடுகிறேன். மேடத்தின் கைக்குட்டை மனிதர்களுக்குத்தான் வேலை செய்யும். நங்கூரனின் கை இரும்பு. இரும்புக்கு மறக்க என்ன இருக்கிறது? தலை மறந்தாலும் கை மறக்காது. அது பாட்டுக்குப் போய் இறங்கும். மேடம் அவுட். நான் எழுதிய பாத்திரம், அவள் பலவீனம் எனக்குத் தெரியாதா?

ஆகவே நங்கூரன் ஜெயித்தான். பந்தயப்படி நான் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு வயதாகிறது, உனக்குக் கை இப்படி. நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது, பெட்டியைக் கட்டுகிறேன்.

நட்டாலி

*

சுங்கை பினாங்,
6 ஜூலை 2025

நட்டாலிக்கு,

நான் நலம். நிஜமாகவே நலம். எட்டு விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அம்மாவைத் திட்டினேன், பிறகு இருவரும் சேர்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.

நங்கூரன் உன் ஆள் இல்லை, அவனுக்காக வாதாட உனக்கு உரிமையும் இல்லை. தலை மறந்தாலும் கை மறக்காதாம்! என்னைக் கேள். மார்ச்சிலிருந்து என் கை மறந்துவிட்டது. பென்சிலை எப்படிப் பிடிப்பதென்று அதற்குத் தெரியவில்லை. ஒரு கோடு போடு பார்ப்போம் என்றால் மேசையைத் தாண்டிப் போகிறது. இரும்பும் மறக்கும், தங்கச்சி. மேடம் ஜெயித்தாள், ஜெயித்தாள், ஜெயித்தாள். மூன்று தடவை தட்டிவிட்டேன்.

உன்னை வரவழைக்க எனக்கு ஒரே வரி போதும் என்று தெரியும். ஏப்ரலில் அந்த வரியை எழுதினேன், இடது கையால், கோழி கிண்டினாற்போல. 'எனக்குப் பயமாக இருக்கிறது, வந்துவிடு' என்று. தபால்பெட்டிவரை போய்விட்டுக் கிழித்துப் போட்டேன். சண்டையில் ஜெயித்து உன்னைக் கூட்டி வருவது வேறு. இந்தக் கையைக் காட்டிக் கூட்டி வருவது வேறு. அப்படி வந்தால் நீ ஒவ்வொரு வேளையும் என் விரலைப் பார்த்துக்கொண்டேதான் சோறு சாப்பிடுவாய். அதற்கு நீ அங்கேயே இரு. எனக்கு வேலை இருக்கிறது. அம்மாவுக்கு நான் இருக்கிறேன். எங்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டாம்.

நீயாக வர ஆசைப்பட்டால் வா. கதவு திறந்திருக்கிறது. என் கைக்காக மட்டும் வராதே.

வில்லியம்

*

கேமரன் மலை,
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணே,

சேசுவுக்கே புகழ். நான் சுகம். புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிப் போ. முட்டி வலிக்கிறது என்றால் நாற்காலி எடுத்துப் போ.

ஒரு வாரம் இந்தக் கடிதத்தை மனதிலேயே எழுதினேன். நீ உண்மையைச் சொல்லிவிட்டாய், என் முறை வந்துவிட்டது. அண்ணே, நான் இங்கேயே இருப்பதென்று ஜனவரியிலேயே முடிவு பண்ணிவிட்டேன். உன் முதல் கடிதம் வருவதற்கும் முன்பே. யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. காலையில் எழுந்ததும் இந்த இடம் எனக்குப் போதும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். பந்தயத்தில் நீ ஜெயித்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன். போன மாதம் இரண்டு வாரம் ஆடிப்போனேன், அது உண்மை. பெட்டியைக்கூட இறக்கினேன். உன் கடிதம் வந்து அதை மேலே ஏற்றிவிட்டது.

அப்புறம் எதற்குப் பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டேன் என்று கேட்பாய். மேடம் ஜெயித்தால் இனி வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதினாயே, அது எனக்குப் பயமாக இருந்தது. முடிவைச் சொல்லிவிட்டால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். சண்டை நடக்கும்வரை உன் கடிதம் வரும். அதற்காக உனக்கு ஆசை காட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். தப்பு. மன்னித்துக்கொள்.

மதரிடம் எல்லாம் சொன்னேன். மூன்று நாள் விடுப்புத் தந்தார். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி மாலை வருகிறேன். தங்குவதற்கு இல்லை, உன்னைப் பார்ப்பதற்கு. கண்காட்சி மேசையை ரத்து பண்ணிவிடாதே. மதர் தன் பக்கத்தையும் சொல்லிவிட்டார்: நங்கூரன்தானாம்! இரண்டு வருடமாக அவருக்குத் துணி துவைத்ததற்கு இதுதான் நன்றி.

பிஸ்கட் டின்னை அலமாரியிலிருந்து இறக்கி வை. உனக்கு இன்னொரு கை இருக்கிறது.

நட்டாலி

*

சுங்கை பினாங்,
10 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சி நட்டாலிக்கு,

நலம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலி சம்பலை மதர் சாப்பிட்டாரா? இது இடது கை எழுத்து. இந்தக் கடிதத்தை முந்தாநாள் தொடங்கினேன்.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தபோது உன்மேல் அப்படி ஒரு கோபம். இரண்டு மணி நேரம் இருந்தது. பிறகு சோறு கேட்டுப் போனேன். ஆறு மாதம் நான் தொண்டை கிழியக் கத்தியது வீண் என்று நினைத்தால் இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் கடிதம் நின்றுவிடும் என்று நீ பயந்தாயே, அதைக் கமாலுதீன் அண்ணனிடம் சொன்னேன். "பைத்தியக்காரப் புள்ள லா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்காட்சியில் நடந்ததை நீ பாதிதான் பார்த்தாய். வெள்ளை உடுப்பில் ஒரு கன்னியாஸ்திரி மேசைமேல் கையைத் தட்டி, "மேடம்தான்! மேடம்தான்!" என்று கத்தியதைப் பத்துப் பேர் படம் பிடித்தார்கள். நீ தண்ணீர் குடிக்கப் போனபோது ஒரு கணவன் மனைவி எதிரெதிர்க் கட்சி கட்டிச் சண்டை போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பிரதி தனித்தனியாக வாங்கிப் போனார்கள். ஆறாவது இதழில், ஒரே வாரத்தில் இடது கையால் நான் வரைந்த நங்கூரன் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறான். அப்படியும் நாற்பது பிரதி போய்விட்டது. ஒரு பெண், "புது ஸ்டைலா? பயமா இருக்கு, நல்லா இருக்கு" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏழாவது இதழ் தொடங்கியாயிற்று. கதை அனுப்பு, வழக்கம்போல் தாமதம் பண்ணாதே. உன் அறையில் இப்போது என் வரைபலகையைப் போட்டிருக்கிறேன். செப்டம்பர் எட்டு நானும் அம்மாவும் கமாலுதீன் அண்ணனும் வருகிறோம். முதல் வரிசையில் மூன்று நாற்காலி பிடித்து வை.

சுங்கை நிபோங் நிலையத்தில் உன் பஸ் புறப்பட்டதும் அம்மா அழுதார். நான் அழவில்லை என்றுதான் இங்கே எழுத வந்தேன். இந்தக் கை ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிடம் எடுக்கிறது. அவ்வளவு மெதுவாக ஒரு பொய்யை எழுத என்னால் முடியவில்லை, நட்டாலி. அழுதேன்.

அண்ணன்,
வில்லியம்